மாடிக்கு மாடி ஒரு வீதி

போன வார மழை உங்கள் தெருவையும் விட்டிருக்காது. ஆவடியில் எங்கள் குவார்ட்டர்ஸுக்கு மட்டும் கூடுதல் கவனிப்பு... வாசலில் இடுப்பளவு தண்ணீர்!

வெள்ளிக்கிழமை, பக்கத்து பிளாக்கில் செல்விக்கு வளைகாப்பு. கட்டட பிளான் வரையும் டிராஃப்ட்ஸ்மேன் ராஜாமணியின் மனைவி, திருநெல்வேலிப் பெண், தலைப்பிரசவம். ஊரிலிருந்து கிளம்பிய அம்மா, ரயில் ஓடாமல் விழுப்புரத்திலேயே நின்றுவிட்டார். செல்வி அழுவது எங்கள் ஜன்னல் வரை கேட்டது.

நாங்களாவது போகலாமென்றால் எப்படி? தண்ணீரில் பாம்பு வேறு!

வழி கண்டுபிடித்தவர் முனுசாமி. மராமத்து வேலைக்கு வந்து, மழையில் எங்கள் பிளாக்கிலேயே மாட்டிக்கொண்ட கொத்தனார்.

"இன்னாத்துக்குக்கா கீய எறங்கணும்? மேலாலயே போய்கினு இருக்கலாம்!"

இரண்டு மொட்டைமாடிகளுக்கும் நடுவே ஓர் ஆள் நீளச் சந்துதான். மழை விட்டதும் சாரப் பலகைகளைக் குறுக்கே போட்டார். அந்தப் பக்க முனைகளை ராஜாமணி இழுத்துக் கட்டினார். கைப்பிடிக்கு மூங்கில். முனுசாமி முதலில் நடந்துபோய், எதிர்முனையில் நின்றுகொண்டார்.

அடுத்து நான்... கையில் புளியோதரைத் தூக்கு. பாதிப் பலகையில் கண் கீழே தண்ணீருக்குப் போனது.

"கீய பாக்காதக்கா! என் மூஞ்சியே பாத்துகினு வா!"

போய்விட்டேன். பின்னாலேயே சேலத்துக்காரி, மதுரைக்காரி, தஞ்சாவூர்க்காரி - தட்டும் தாம்பாளமுமாக ஊர்வலம்!

வளையலுக்குக் கடை ஏது? எங்கள் கைகளில் இருந்ததையே கழற்றிப் போட்டோம். ஆளுக்கொரு நிறம், ஆளுக்கொரு அளவு. சில வளையல்கள் முழங்கை வரை ஓடின. அழுத பெண் விழுந்து விழுந்து சிரித்தாள்.

சாப்பிட்டதும் ராஜாமணிக்கு உற்சாகம் பிறந்துவிட்டது.

"வருங்காலத்துல ஊரே இப்படித்தாங்க! தண்ணி கீழ அதுபாட்டுக்கு ஓடும். வீடெல்லாம் தூண் மேல. வீதி... மாடிக்கு மாடி!"

விட்டோமா? ஒருத்தி மாடியிலேயே மார்க்கெட் கேட்டாள். இன்னொருத்திக்கு வாசலில் படகு வேண்டுமாம்.

"ஒரு டீக்கடையும் வையி நைனா" என்றார் முனுசாமி.

செல்வி மட்டும் கேட்டாள்: "அதெல்லாம் சரி... அந்த ஊர்ல பக்கத்து வீட்டுக்காரவுக உண்டுமா?"

ராஜாமணி எங்களையெல்லாம் ஒரு சுற்றுப் பார்த்தார். "இவங்கள வெச்சுத்தான் பிளானே போடணும்."

தண்ணீர் வடிந்துவிட்டது. பலகையை மட்டும் எடுக்க விடமாட்டோம் என்று சொல்லிவிட்டோம்!