கோப்பைக்குக் காது வைத்தவள்

ஊசிக் காது தெரியாமல் போனதில்தான் எல்லாம் தொடங்கியது. இருபத்தாறு வருடம் சட்டை தைத்தவள், நாற்பத்தெட்டாம் வயதில் நூல் கோர்க்கும்போது மூன்று முறை காற்றைக் குத்தினாள். கண்ணாடி மாற்றியும் பெரிய மாற்றமில்லை. தையலைப் பாதியாகக் குறைத்துக்கொண்டு, வாரம் இருமுறை மண்பாண்ட வகுப்புக்குப் போனாள். எட்டாவது மாதம் ஒரு பழைய மின்சக்கரத்தை வாங்கி, மாடி வீட்டுச் சமையலறைக்குப் பின்னால் இருந்த ஒடுக்கமான அறையில் போட்டாள். தெருவுக்குத் தையலக்காவாக இருந்தவள் மண்ணக்கா ஆனாள்.

கணவர் குழாய் வேலை செய்பவர். "ஊருக்கெல்லாம் அடைப்பு எடுக்கிறேன். இப்ப வீட்டுக்குள்ளயே அடைப்பு குடி வந்திருக்கு," என்றார்.

அவர் வாய் முகூர்த்தம், அடுத்த மாதமே பலித்தது. சக்கரத்தைக் கழுவிய சேற்றுத் தண்ணீர் சிங்க்கில் தேங்கி, வழிந்து, படியிறங்கி, கீழே இருக்கும் வீட்டுக்காரம்மாவின் மிதியடியை நனைத்தது. ஏதோ அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர் அந்த அம்மா. எதையும் ஒரு முறைதான் சொல்வார்.

"ஏம்மா, இன்னொரு தடவ தண்ணி கீழ வந்துச்சுன்னா நீங்க இருக்கலாம். அந்தச் சக்கரம் இருக்கக் கூடாது."

அன்று முதல் ஒரு சொட்டுச் சேறும் குழாய்க்குள் போகவில்லை. மூன்று வாளி வைத்தாள். முதல் வாளியில் கையையும் கருவிகளையும் கழுவி, அடுத்த இரண்டில் அலசினாள். மறுநாள் தெளிந்த மேல் தண்ணீரை மட்டும் எடுத்து மறுபடி புழங்கினாள். அடியில் தங்கிய மண்ணைப் பழைய தலையணை உறையில் கட்டித் தொங்கவிட்டால், சில நாளில் நீர் வடிந்து பிசையும் பதத்துக்கு வந்துவிடும்.

தையல் புத்தி மண்ணிலும் ஓடியது. புதுத்துணி முதல் தண்ணீரில் சுருங்கும் என்று தெரிந்தவளுக்கு, மண்ணும் காய்ந்து வெந்தால் சுருங்கும் என்று யாரும் இரண்டு முறை சொல்ல வேண்டியிருக்கவில்லை. பத்து சென்டிமீட்டருக்குக் கோடு கிழித்த ஒரு மண் பட்டையைச் சூளைக்கு அனுப்பினாள். திரும்பி வந்தபோது கோடு எட்டே முக்கால் இருந்தது. அந்தப் பட்டையை இஞ்ச் டேப்புக்குப் பக்கத்தில் ஆணியில் மாட்டினாள். எதையும் எவ்வளவு பெரிதாகச் செய்ய வேண்டும் என்று அதைப் பார்த்துத்தான் முடிவு செய்வாள்.

காதுதான் வசப்படவில்லை. கோப்பையின் கைப்பிடியைக் காது என்றுதான் அவள் சொல்வாள். கோப்பை ஈரமாக இருந்து காது காய்ந்திருந்தால், ஒட்டிய இடத்தில் விரிசல் விட்டது. இரண்டையும் ஒரே டப்பாவில் போட்டு ஒரு நாள் மூடி வைத்தால் ஈரம் சமமாகிவிடும் என்று பிடிபட்ட பிறகு விரிசல் நின்றது. வடிவம் மட்டும் நிற்கவில்லை. ஆறு கோப்பைக்கு ஆறு காது, ஆறும் ஆறு தினுசு. ஒரு கை நீளமாகவும் ஒரு கை குட்டையாகவும் சட்டை தைத்துக் கொடுத்திருந்தால் மூஞ்சியிலேயே எறிந்திருப்பார்கள் என்று தன்னையே திட்டிக்கொள்வாள். வீட்டுக்காரம்மாவுக்குச் சமாதானமாகக் கொடுத்த கோப்பையின் காதுக்குள் ஒன்றரை விரல்தான் நுழைந்தது. அந்த அம்மா அதில் பேனா போட்டு வைத்தார்.

தலையணை உறையில் மண் வடிய நாளாகிறது, பிளாஸ்டர் பலகை என்றால் ஒரே நாளில் ஈரத்தை உறிஞ்சிவிடும் என்று கேள்விப்பட்டு, ஒரு சனிக்கிழமை, மாவுக்கட்டுக்குப் போடுகிற பிளாஸ்டர் பொடியைக் கரைத்துத் தட்டில் ஊற்றினாள். பலகை அழகாக வந்தது. மிச்சத்தோடு இருந்த பாத்திரத்தைச் சிங்க்கில் நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவினாள். மண் போகக் கூடாது என்பதுதானே கட்டளை? இது பால் மாதிரி வெள்ளையாக அல்லவா ஓடுகிறது!

மண் தண்ணீரில் கரையும். பிளாஸ்டரோ தண்ணீருக்குள்ளேயே கல்லாகும்.

மறுநாள் காலை சிங்க்கில் பாத்திரம் நிரம்பட்டும் என்று குழாயைத் திறந்துவிட்டு, மொட்டைமாடியில் துணி உலர்த்தப் போனாள். இறங்கி வந்தபோது தண்ணீர் படியில் அவளுக்கு முன்னால் இறங்கிக்கொண்டிருந்தது.

கணவர் சிங்க்குக்கு அடியில் குனிந்து வளைவுக் குழாயைக் கழற்றினார். தட்டிப் பார்த்தார், குலுக்கிப் பார்த்தார். கடைசியில் ரம்பத்தால் பிளாஸ்டிக்கை அறுத்து உரித்தார். உள்ளேயிருந்து வழவழவென்று ஒரு வெள்ளை வளைவு வந்தது.

"முப்பது வருஷத்துல இப்படி ஒரு அடைப்ப பாத்ததில்ல. கண்காட்சியில வைக்கலாம்."

"சிரிக்காதீங்க. சக்கரம் போகப் போகுது."

அதற்குள் வீட்டுக்காரம்மா ஈர மிதியடியைக் கையில் பிடித்தபடி வாசலில் நின்றார். "என்ன ஆச்சு?"

கணவர் முந்திக்கொண்டார். "குழாய் பழசும்மா. நான் கவனிக்கல. என் தப்புதான்."

இத்தனை வருடத்தில் தன் வேலையில் தப்பு என்று அவர் யாரிடமும் ஒப்புக்கொண்டதில்லை. மண்ணக்கா பேசாமல் இருந்தால் சக்கரம் தப்பிக்கும். ஆனால் மனிதர் பெயர் கெட்டுவிடும்.

"இல்லம்மா. நான்தான் பிளாஸ்டர் பாத்திரத்தக் கழுவி ஊத்தினேன். மண்ணுதான் அடைக்கும்னு நெனச்சேன்."

"தெரியும்," என்றார் அந்த அம்மா. "போன வருஷம் இவர் புதுக் குழாய் போட்டப்ப நான் பக்கத்துலதான் நின்னேன். பொய் சொல்றதுன்னாலும் கொஞ்சம் யோசிச்சுச் சொல்ல வேண்டாமா?"

கணவர் ரம்பத்தைத் துடைக்க ஆரம்பித்தார்.

அந்த அம்மா வெள்ளை வளைவைக் கையில் வாங்கித் திருப்பினார். வளைவின் உட்பக்கம் விரல்களை விட்டார்.

"மூணு விரல் தாராளமா போகுது. ஏம்மா, குழாய்க்குள்ளதான் உனக்கு ஒழுங்கா காது செய்ய வருமா?"

மண்ணக்காவின் கண் அந்த வளைவிலேயே இருந்தது. கை தானாக இஞ்ச் டேப்பைத் தேடியது. சூளை எட்டில் ஒரு பங்கைச் சுருக்கும். தாராளம் போனாலும் விரல் மூன்றும் மிஞ்சும்.

"இங்க சக்கரம் போகுமா இருக்குமான்னு பேச்சு நடக்குது, நீ அளவு எடுக்கிறே!" என்றார் அந்த அம்மா.

"ஒரு நிமிஷம்மா, விரல எடுக்காதீங்க."

வீட்டுக்காரம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டுதான் தீர்ப்புச் சொன்னார். "அந்த ரூமுக்குத் தண்ணி வாளியில போகணும், வாளியிலயே வரணும். மண்ணோ பிளாஸ்டரோ, என் குழாயோட மூஞ்சியில முழிக்கக் கூடாது."

பிளாஸ்டர் மிஞ்சினால் இப்போது ரப்பர் கிண்ணத்திலேயே விட்டுவிடுகிறாள். இறுகிய பின் கிண்ணத்தை அமுக்கினால் உடைந்து உதிர்ந்துவிடும், குப்பையில் போடலாம். வெள்ளை வளைவை நன்றாகக் காயவைத்து, உதிரும் முனைகளைச் சுரண்டிவிட்டு, ஒரே அளவாக வெட்டிய மண் பட்டைகளை ஒவ்வொன்றாக அதன் உள்வளைவில் படியவைத்தாள். பிளாஸ்டர் ஈரத்தை இழுக்க, பட்டை கொஞ்ச நேரத்தில் வளைந்த வடிவிலேயே கழன்று வந்தது. ஆறு கோப்பை, ஆறு காது, எல்லாம் ஒரு தாய் பிள்ளைகள்.

முதல் கோப்பை கீழே போனது. வீட்டுக்காரம்மா காப்பியை ஊற்றி, காதுக்குள் மூன்று விரலை விட்டு, ஒரு வாய் குடித்தார். நன்றாக இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

"பேனா போட இது ஆகாது," என்றார்.