குளிரில் வளரும் பூஞ்சை

பெங்களூரு பொம்மனஹள்ளியில் ஒரு சிறிய ஆய்வகத்தில் பூஞ்சை வளர்ப்பதுதான் அப்போது என் வேலை. மண்ணில் வாழும் நுண்ணிய பூஞ்சை அது. சர்க்கரையைக் கொடுத்து, மற்ற சத்தைக் குறைத்து, குளிரில் வைத்தால் உடம்புக்குள் எண்ணெய் சேர்த்துக்கொள்ளும். குழந்தைகளின் மூளை வளர்ச்சிக்கு வேண்டிய கொழுப்பு அதில் உண்டு. பால் பவுடரில் கலப்பதற்காகத்தான் அந்த எண்ணெய்.

அந்தப் பூஞ்சையைத் தேடி ஆளுக்கொரு இடத்திலிருந்து மண் கொண்டுவந்தோம். எங்கள் டெக்னீஷியன் அக்கா விவேக் நகர்க்காரர். அவர் கொண்டுவந்த மண்ணில் கிடைத்த பூஞ்சைதான் அதிகமாக எண்ணெய் கொடுத்தது. கண்ணாடித் தட்டில் வெள்ளையாக, இதழ் இதழாகப் படரும். மூடியைத் திறந்தால் பூண்டு வாடை.

பிறகுதான் அது ஆரம்பித்தது. இருபது டிகிரியில் வைத்துவிட்டுப் போன இன்குபேட்டர் பெட்டி, நான் சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் இருபத்தெட்டில் இருக்கும். அக்காவின் மண்ணில் கிடைத்த பூஞ்சைத் தட்டுகள் இருந்த பெட்டி மட்டும். எண்ணெய் குறைந்துகொண்டே வந்தது.

சர்வீஸ்காரர் கழற்றிப் பார்த்துவிட்டுக் கன்னடம் கலந்த தமிழில் சொன்னார். “மெஷின்ல ஏனூ ப்ராப்ளம் இல்ல மேடம். யாரோ கையால ஏத்துறாங்க.”

ஒருநாள் பாதிச் சாப்பாட்டில் எழுந்து போனேன். அக்கா பெட்டியைத் திறந்து குனிந்து நின்றிருந்தார்.

“இன்னும் குளிருதா?” என்று உள்ளே பார்த்துக் கேட்டார். சற்று நேரம் காத்திருந்தார். பதில் கிடைத்த மாதிரி தலையை ஆட்டிவிட்டுப் பொத்தானை அழுத்தினார்.

நான் அருகே போனேன்.

“அக்கா, இந்த மண்ணை எங்கேருந்து எடுத்தீங்க?”

அவர் திடுக்கிடவில்லை. “கல்லறைத் தோட்டத்துலேருந்து மேடம். என் பொண்ணு அங்கதான் இருக்கா. எட்டு மாசக் குழந்தை. அவளுக்குக் குளிர் ஆகாது.”

பிறகு அவரே கேட்டார்: “இந்த எண்ணெய் குழந்தைங்களுக்குத்தானே போகுது?”

“ஆமாங்கக்கா.”

“அப்ப சரி.”

மேலிடத்தில் நான் எதுவும் சொல்லவில்லை. ஒரு தட்டை மட்டும் வேறு பெட்டியில் இருபத்தெட்டு டிகிரியில் வைத்து, “இது உங்களோடது” என்றேன். அதற்குப் பிறகு மற்றவற்றை அவர் தொடவில்லை. பூஞ்சை கிடைத்த இடம் எது என்று கேட்ட படிவத்தில் ‘தோட்ட மண், பெங்களூரு’ என்று எழுதினேன்.

அடுத்த வருடம் அந்தப் பூஞ்சை அத்திபெலேயில் ஓர் ஆலையின் பெரிய தொட்டிகளுக்குப் போனது. முதல் எண்ணெய் எடுத்த அன்று அக்காவையும் அழைத்துப் போனேன். ஆலைக்காரர் வெளிர்மஞ்சள் எண்ணெயை ஒரு சீசாவில் பிடித்து, பார்க்கக் கொடுத்தார். அக்கா அதை வாங்கித் தோளில் சாய்த்துக்கொண்டு, உள்ளங்கையால் லேசாகத் தட்ட ஆரம்பித்தார்.

ஆலைக்காரர் திரும்ப வாங்கக் கையை நீட்டினார்.

“கொஞ்ச நேரம் விடுங்க சார்” என்றேன்.