பேனரில் ஓர் அத்தை

மாடியை யாருக்கும் வாடகைக்கு விடுவதில்லை என்று தீர்மானமாக இருந்தேன். மாமல்லபுரத்தில் கடலுக்கு நாலு தெரு உள்ளே தள்ளி இருக்கிற வீடு. இங்கே வாடகைக்கு வருகிறவர்கள் எல்லாம் அலைச்சறுக்கு பழக வருகிறவர்கள். ஈரத் துண்டைக் கைப்பிடிச் சுவரில் போட்டுவிட்டு கிடார் வாசிப்பார்கள். செங்கல்பட்டில் கல்லூரியில் நாளெல்லாம் தமிழ் நடத்திவிட்டு பஸ்ஸில் இடிபட்டுத் திரும்புகிறவளுக்குக் கிடார் எதற்கு? சென்னையில் பத்திரிகையில் இருக்கும் என் தோழி வந்து, "ஒரு பெண் இருக்கிறாள், அவளுக்குத் தங்க இடம் வேண்டும், கிடார் வாசிக்க மாட்டாள்" என்றபோதும் முடியாது என்றுதான் சொன்னேன். பிறகு ஏன் என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. கேட்டபின் முடியாது என்று சொல்ல முடியவில்லை.

அவள் எந்த நாடு என்று நான் எழுதப் போவதில்லை. அவள் யார் என்று தெருவில் அப்போது நாங்கள் சொன்ன பொய்யையும் எழுதப் போவதில்லை, அது இன்னும் யாருக்காவது தேவைப்படலாம். அவள் நிருபர். அவளுடைய நாட்டுச் சிறைகளில் காணாமல் போனவர்களைப் பற்றி எழுதினாள். பத்திரிகையை மூடினார்கள், கூட வேலை செய்தவர்களை உள்ளே போட்டார்கள், இவள் எல்லை தாண்டினாள். டில்லிக்கு வந்தும் விடவில்லை. தெரியாத எண்களிலிருந்து அழைப்பு வரும், எடுத்தால் யாரும் பேச மாட்டார்கள். ஒரு நாள் அவள் ஜன்னலுக்குப் புதுத் திரைச்சீலை போட்டாள். மறுநாள் அவள் கைப்பேசிக்கு ஒரு செய்தி வந்தது. நிறம் அழகாக இருக்கிறது என்று.

எங்கள் ஊரைத் தோழி தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் இருந்தது. மாமல்லபுரத்தில் வெளிநாட்டு முகத்தை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. நாங்கள் பார்த்துச் சலித்தவர்கள். காவல் நிலையத்தில் முறைப்படி பதிவு செய்தோம். மற்றபடி சில கட்டுப்பாடுகள்தான். படம் எடுக்கக் கூடாது. அவளைப் பற்றி எங்கேயும் எதுவும் போடக் கூடாது. வெளியாள் யாராவது கேட்டால் மாடி காலி என்று சொல்ல வேண்டும். வெளியே போனால் ஒரே ஆட்டோவில்தான் போக வேண்டும்.

அந்த ஆட்டோ பக்கத்துத் தெருக்காரருடையது. பல வருடங்களாக என்னைக் காலையில் பஸ் நிலையத்தில் விடுகிறவர். விஷயத்தை அவரிடமும் அவர் மனைவியிடமும் மட்டும் சொன்னேன். "டீச்சர், என் தங்கச்சி மாரி பாத்துக்கறேன். ஒரு பய கிட்ட வர முடியாது" என்றார். சொன்னபடியே பார்த்துக்கொண்டார். ஒரு முறை கண்ணாடி போட்ட ஆள் ஒருவன் ஸ்டாண்டில் வந்து, இங்கே தனியாகத் தங்கியிருக்கும் வெளிநாட்டுப் பெண் யாராவது உண்டா என்று விசாரித்தானாம். இவர் அவனை ஏற்றிக்கொண்டு போய் கோவளத்தில் இறக்கிவிட்டு வந்தார். அவன் பாவம் உண்மையிலேயே சொந்தக்காரியைத் தேடி வந்தவனோ என்னவோ.

அவளுக்குத் தமிழ் சொல்லித்தர நான் ஆசைப்பட்டேன். உயிர் எழுத்திலிருந்து முறையாக ஆரம்பித்தேன். ஆனால் அவள் பேசக் கற்றது ஆட்டோவில். ஒரு நாள் கல்லூரியிலிருந்து திரும்பிய என்னை மாடிப்படியில் நின்றுகொண்டு, "இன்னா டீச்சர், துன்னியா?" என்று கேட்டாள். இலக்கணம் நடத்துகிறவளுக்கு இது தேவைதான் என்று நினைத்துக்கொண்டேன். அன்றைக்கு எனக்கிருந்த களைப்பெல்லாம் போய்விட்டது. அப்படி என்னை யாரும் கேட்டு வெகு காலம் ஆகியிருந்தது.

சாயங்காலம் கீழே இறங்கி வருவாள். எங்கள் கத்தரிக்காயைச் சுட்டு, தோலை உரித்து, பூண்டு போட்டுப் பிசைவாள். ஒவ்வொரு தடவையும் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, அம்மா செய்வது மாதிரி இல்லை என்பாள். குற்றம் எங்கள் கத்தரிக்காயுடையது என்பது அவள் கட்சி. எனக்குக் கோபம் வரும். பிறகு புரிந்தது, அவள் கத்தரிக்காயைப் பற்றிப் பேசவில்லை. அம்மாவின் தொலைபேசியை ஒட்டுக்கேட்கிறார்கள் என்பதால் அவள் அழைப்பதே இல்லை. அம்மாவின் குரலைக் கேட்டே வருடங்கள் ஆகியிருந்தன. யார் மூலமாகவோ எப்போதாவது, இருக்கிறாள் என்று மட்டும் தகவல் வரும்.

என் கல்லூரி அடையாள அட்டையைப் பார்த்துவிட்டு அவள் செய்த கேலி தாங்காது. நான் படத்துக்குச் சிரிக்காதவள். "கைது செய்ய வந்தவர்களைப் பார்த்துக்கொண்டு நிற்கிற மாதிரி இருக்கிறாய். எனக்கு அந்த முகம் நன்றாகத் தெரியும்" என்றாள்.

பொங்கலன்று ஆட்டோக்காரரின் மனைவி அவளுக்குப் பட்டுப்புடவை கட்டி, தலை நிறைய மல்லிகை வைத்துவிட்டாள். அவளே கேட்டு ஆட்டோக்காரரின் கைப்பேசியில் ஒரு படம் எடுத்துக்கொண்டாள். நான் ஆட்டோக்காரரைக் கூப்பிட்டு, இதை நெட்டில் மட்டும் போட்டுவிடாதே என்று கண்டிப்பாகச் சொன்னேன். தலையில் அடித்துச் சத்தியம் செய்தார். சத்தியத்தை அவர் மீறவும் இல்லை.

கோடையில் அவர் மகளுக்குக் காதணி விழா வந்தது. அதற்கு முந்தின நாள் நான் பஸ்ஸில் திரும்பும்போது பஸ் நிலையத்துத் திருப்பத்தில் பேனர் நின்றது. குழந்தை நடுவில் சிம்மாசனத்தில் உட்கார்ந்திருக்க, தாய்மாமன்கள், சித்தப்பாக்கள், நண்பர்கள் என்று வரிசை வரிசையாக முகங்கள். கீழே 'அத்தைமார்கள்' என்று ஒரு வரிசை. அதில் அவர் என்னிடம் கேட்டு வாங்கிப்போன என் அடையாள அட்டை முகம். பக்கத்தில் மல்லிகையும் பட்டுப்புடவையுமாக அவள். மற்றவர்களுக்கெல்லாம் பெயர் போட்டிருந்தது. அவளுக்கு 'மாடி வீட்டு அத்தை' என்று இருந்தது.

பஸ்ஸை விட்டு இறங்கியதும் ஓடினேன். ஸ்டாண்டிலேயே அவரைப் பிடித்தேன். "என்னப்பா பண்ணி வெச்சிருக்கே?"

அவருக்கு உண்மையிலேயே புரியவில்லை. "நெட்டுல தான டீச்சர் போடக் கூடாதுன்னீங்கோ? நான் ரோட்டுல தான வெச்சிகீறேன். பேரு கூட போடல பாருங்கோ."

"எதுக்குப் போட்டே?"

"அல்லாரு மூஞ்சியும் போட்டுட்டு அத்த மட்டும் வுட்டா, அது மனசு இன்னா ஆவும் சொல்லுங்கோ."

எங்கள் ஊரில் பேனரில் முகம் விட்டுப்போனதற்காகப் பேச்சுவார்த்தை நின்றுபோன குடும்பங்கள் உண்டு. அவர் சொன்னதில் தப்புக் கண்டுபிடிக்க என்னால் முடியவில்லை. உடனே கழற்றினோம். ஆனால் காலையிலிருந்து நின்ற பேனர் அது. சொந்தக்காரர்கள் எல்லாம் படம் எடுத்து ஸ்டேட்டஸ் வைத்திருந்தார்கள். அடித்துக்கொடுத்த கடைக்காரர், எங்கள் புதிய டிசைன் என்று நெட்டில் தன் கடையின் பக்கத்தில் போட்டிருந்தார். நீக்கச் சொன்னோம், நீக்கினார். அதற்குள் எத்தனை பேர் பார்த்தார்கள் என்று யாருக்குத் தெரியும்?

சுருட்டிய பேனரை அவளிடம் விரித்துக் காட்டி விஷயத்தைச் சொன்னேன். அவள் கோபப்படவில்லை. அத்தை என்றால் என்ன என்று கேட்டாள். சொன்னேன். அந்த எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கூட்டிப் படித்தாள். அடுத்த நாள் விழாவுக்கு அதே பட்டுப்புடவையைக் கட்டிக்கொண்டு வந்தாள்.

சில வாரங்கள் கழித்துத் தகவல் வந்தது. நல்ல உடை உடுத்திய இரண்டு பேர் அங்கே அவள் அம்மாவின் வீட்டுக்குப் போயிருக்கிறார்கள். மரியாதையாக உட்கார்ந்து தேநீர் குடித்திருக்கிறார்கள். கைப்பேசியில் பேனரைக் காட்டி, "உங்கள் மகள் கடலோரத்தில் சௌக்கியமாக இருக்கிறாள். எங்களுக்கும் அந்த ஊரைப் பார்க்க ஆசை" என்றார்களாம்.

இதைச் சொல்லிவிட்டு அவள் சிரித்தாள். எனக்குப் பயமாகிவிட்டது. "அம்மா என்ன செய்தாளாம் தெரியுமா? அவர்கள் கையிலிருந்து கைப்பேசியை வாங்கி என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாளாம். திருப்பிக் கேட்டும் கொடுக்கவில்லையாம். கடைசியில், சதை போட்டிருக்கிறாள் என்று மட்டும் சொன்னாளாம்." அப்புறம்தான் அழுதாள். நானும் அழுதேன். மிரட்ட வந்தவர்கள், மிரட்டலோடு சேர்த்து அந்தத் தாய்க்கு மகளையும் காட்டிவிட்டுப் போயிருந்தார்கள்.

இனி அவள் இங்கே இருக்க முடியாது. இப்படிப்பட்டவர்களுக்கு உதவும் ஓர் அமைப்பு வேறொரு நாட்டில் ஏற்பாடு செய்தது. எந்த நாடு என்று என்னிடம் சொல்லவில்லை. நான் கேட்கவும் கூடாது, தேடவும் கூடாது, அவளும் எழுத மாட்டாள். எனக்குத் தெரியாத வரையில்தான் அவளுக்குப் பத்திரம். கேளம்பாக்கம் வரை எங்கள் ஆட்டோவில் போய், அங்கே காத்திருந்த காரில் மாறிக்கொள்வதாக ஏற்பாடு. நானும் கூடப் போனேன். ஆட்டோக்காரர் வண்டியை நிறுத்திவிட்டு ஹேண்டில்பாரில் தலையை வைத்துக்கொண்டு அழுதார். அவள் அவர் தோளைத் தட்டி, அவர் கற்றுக்கொடுத்த தமிழிலேயே, "இன்னாத்துக்கு அய்வுற? பேஜாரு பண்ணாத அண்ணாத்த" என்றாள். என்னைக் கட்டிக்கொண்டபோது எந்தத் தமிழும் வரவில்லை அவளுக்கு. எனக்கும்தான்.

எங்கேயோ இருக்கிற ஓர் அரசாங்கம் என் மாடியைக் காலி செய்துவிட்டது. அந்த ஆத்திரம் எனக்கு இன்னும் அடங்கவில்லை. மாடியை வேறு யாருக்கும் விடவில்லை. கிடார்க்காரர்கள் வந்து கேட்கிறார்கள், ஆள் இருக்கிறது என்று சொல்லி அனுப்புகிறேன். ஆள் இருந்தபோது காலி என்று சொன்ன அதே வாயால்தான். கத்தரிக்காயைச் சுட்டுப் பிசைந்து பார்த்தேன். அவள் செய்வது மாதிரி வரவில்லை.

இந்த வருடம் ஆட்டோக்காரரின் இரண்டாவது மகளுக்குக் காதணி விழா. அழைக்க வந்தவர் தயங்கி நின்றார். "பேனர் வெக்கல டீச்சர். அந்தக் கருமமே வாணாம்."

"வைக்கணும்" என்றேன். "பெரிசா வைக்கணும். பழைய கடையிலேயே அடி. கடைக்காரரை நெட்டில் அவரோட பக்கத்தில் போடச் சொல்லு."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். விளக்கினேன். அவள் போவதற்கு முன்னால் அந்தக் கடையின் பக்கத்தை எத்தனை முறை திறந்து பார்த்தாள் என்பது எனக்குத் தெரியும். நாங்கள் அவளைத் தேடத்தான் கூடாது. அவள் எங்களைப் பார்க்கக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை.

"உங்க மூஞ்சி பக்கத்துல அதுக்கு ஒரு எடம் வுடச் சொல்லட்டா?" என்று கேட்டார்.

"வேணாம்பா. காலி இடத்தைக்கூடப் படிக்கத் தெரிஞ்சவங்க அவங்க."

அடையாள அட்டைப் படத்தைக் கொடுக்கவில்லை. மாடியில் நின்று புதிதாக எடுத்துக்கொண்டேன். அவர் மனைவிதான் எடுத்தாள். "நல்லா சிரிங்க டீச்சர், பல்லு தெரியட்டும்" என்றாள். சிரித்தேன்.

பஸ் நிலையத்துத் திருப்பத்தில் 'அத்தைமார்கள்' வரிசையில் பல் தெரிய நிற்கிறேன். கடைக்காரரும் தன் பக்கத்தில் போட்டுவிட்டார். யார் வேண்டுமானாலும் பார்த்துவிட்டுப் போகட்டும். எங்கிருந்தாவது அவளும் பார்த்து, டீச்சர் சதை போட்டிருக்கிறாள் என்று சொன்னால் போதும்.