நாற்பது நாளாக மாத்திரை இல்லை

சோறு வேகும் வாசனை எனக்குக் குமட்ட ஆரம்பித்தது இரண்டு வருடங்களுக்கு முன்னால், ஓர் ஆனி மாதத்தில். பச்சைப் பட்டு நூலைச் சோப்பும் சோடாவும் போட்டு வேகவைக்கும் சாயப்பட்டறைப் பக்கம் போனவர்களுக்கு அந்த நாற்றம் தெரியும். எங்கள் அடுப்பிலிருந்தும் அதே நாற்றம் வருவதாக எனக்குத் தோன்றியது. மனைவியிடம் சொன்னேன். அவள் அரிசியை மாற்றினாள், குக்கரை மாற்றினாள், கடைசியில் நான் எழுந்திருப்பதற்கு முன்பே வடித்து மூடி வைத்தாள். ஒன்றும் பயனில்லை. தட்டைப் பார்த்தாலே தொண்டை அடைத்துக்கொண்டது.

சேலைக்கு பார்டரும் புட்டாவும் கம்ப்யூட்டரில் வரைந்து கொடுப்பது என் தொழில். அந்த நாட்களில் திரையில் பெரிதாக்கிப் பார்க்கும் அன்னப்பட்சிகள் நெளிகிற புழுக்களாகத் தெரிந்தன. அரக்கு நிறம் காய்ந்த ரத்தமாகத் தெரிந்தது. பதினோரு நாள் குளிக்கவில்லை. என் உடம்பின் நாற்றம் எனக்கே அடித்தது. ஆனால் நாலு எட்டு நடந்து குளியலறைக்குப் போவது திருப்பதி மலை ஏறுவதைப் போல இருந்தது. மனைவி ஒருநாள் தலையணை உறையை மாற்ற வந்தவள், அதை முகத்துக்குத் தூரமாகப் பிடித்துக்கொண்டு போனதைப் பார்த்தேன். அவளைக் குறை சொல்ல முடியாது. நானாக இருந்தாலும் அப்படித்தான் பிடித்திருப்பேன்.

அவள்தான் மனநல மருத்துவரிடம் அழைத்துப் போனாள். இது மனச்சோர்வு நோய் என்றும், குணமாகிற நோய்தான் என்றும் அந்த அம்மா சொன்னார். மாத்திரை எழுதிக் கொடுத்தார். அதோடு, பசிக்கிறதோ இல்லையோ மூன்று வேளையும் நேரத்துக்குக் கொஞ்சமாவது சாப்பிட வேண்டும், காலை வெயிலில் அரை மணி நேரம் நடக்க வேண்டும், போனைத் தள்ளி வைத்துவிட்டுத் தூங்க வேண்டும் என்றார். இவ்வளவுதானா என்று எனக்கு எரிச்சலாக வந்தது. இதைச் சொல்லவா இத்தனை படிப்பு என்று வெளியே வந்து மனைவியிடம் முணுமுணுத்தேன்.

நடந்தேன். வேகவதி ஆற்றின் ஓரமாகத்தான் நடக்க இடம். சாக்கடையும் பிளாஸ்டிக் பையும் கோழிக்கடைக் கழிவும் சேர்ந்து நாறும் அந்த ஆற்றை மூக்கைப் பொத்திக்கொண்டு தினமும் கடந்தேன். முதல் இரண்டு வாரம் மாத்திரையால் வாய் வறண்டது, வயிறு புரட்டியது. நாலாவது வாரம் ஒரு காலையில் இரண்டு இட்லி உள்ளே போனது. மனைவி சமையலறைக்குள் போய் நின்று அழுதாள்.

இந்தச் சமயத்தில்தான் என் மச்சான் என்னை ஓர் உணவு வகுப்புக்குக் கூட்டிப்போனான். கல்யாண மண்டபத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் நடந்தது. நடத்தியவர் வெள்ளை ஜிப்பா போட்ட ஒரு மனிதர். மனசு என்று தனியாக ஒன்று கிடையாது, எல்லாம் குடல்தான், குடலைக் கழுவினால் கவலை கழன்றுவிடும் என்பார். வெண்பூசணிச் சாறு, ஊறவைத்த வெந்தயம், முளைகட்டிய கேழ்வரகு, இவை மட்டும் போதும் என்பார். மாத்திரை எல்லாம் விஷம் என்பார். அந்தச் சாறு கோழையைப் போல வழவழவென்று தொண்டையில் இறங்கும். நூறு பேர் ஒன்றாக அதைக் குடித்துவிட்டு ஒன்றாக ஏப்பம் விடுவார்கள். அந்த மண்டபம் முழுக்கப் பச்சைப் பூசணி நாற்றம்.

இருந்தும் போனேன். அங்கே எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள், முகத்தில் தெளிச்சி வந்திருக்கிறது என்றார்கள். தெளிச்சி வந்தது உண்மைதான். ஆனால் நான் வீட்டில் மாத்திரையை ஒரு நாளும் விடவில்லை, சோற்றையும் விடவில்லை. அதை அங்கே யாரிடமும் சொல்லவில்லை.

ஒரு ஞாயிறு, ஜிப்பாக்காரர் என்னை மேடைக்குக் கூப்பிட்டார். கையில் மைக்கைக் கொடுத்து, மாத்திரையை நிறுத்தி எத்தனை நாள் ஆகிறது என்று கேட்டார். கீழே அத்தனை முகங்களும் என்னையே பார்த்தன. பல மாதங்களாக என்னை யாரும் அப்படிப் பார்த்ததில்லை. "நாற்பது நாள்" என்றேன். மண்டபமே கைதட்டியது. யாரோ போனில் வீடியோ எடுத்தார்கள். அன்று சாயங்காலமே அது வாட்ஸ்அப்பில் சுற்ற ஆரம்பித்துவிட்டது. வீட்டில் என் மனைவி அதைப் பார்த்துவிட்டு, நான் மாத்திரை வைத்திருக்கும் டப்பாவைப் பார்த்தாள். 

மூன்று வாரம் கழித்து ஒரு மத்தியானம், தெரியாத எண்ணிலிருந்து ஒரு பெண் பேசினார். வாலாஜாபாத்தில் மகளோடு இருந்து தையல் வேலை செய்பவர். ஐந்து வருடமாக என்னைப் போலவே மாத்திரை சாப்பிட்டு வந்தவர். என் எண்ணை வகுப்பின் வாட்ஸ்அப் குழுவில் பார்த்து எடுத்தாராம். பேச்சு இழுத்து இழுத்து வந்தது.

"உன் வீடியோவ பாத்துட்டுதான்பா நானும் நிறுத்திட்டேன். சாறு மட்டும் குடிச்சிக்கினு இருக்கேன். குளிக்கவே முடியல. படுத்தே கிடக்கிறேன். உனக்கும் மொதல்ல இப்டிதான் இருந்துதா?"

வீட்டு விலாசத்தை வாங்கிக்கொண்டு, நாளைக்கு நேரில் வருகிறேன், அதுவரை மகளைப் பக்கத்திலேயே இருக்கச் சொல்லுங்கள் என்று மட்டும் சொன்னேன். போனை வைத்தேன். எனக்கு என்மேல் வந்த அருவருப்பு, நோயின் உச்சத்தில்கூட வந்ததில்லை. அப்போது நாறியது உடம்பு. இது வேறு.

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் வாலாஜாபாத் போனேன். கதவைத் திறந்தது அந்த அம்மாவின் மகள். ரைஸ் மில் ஆபீசில் வேலை செய்கிற பெண், லீவு போட்டிருந்தாள். உள்ளே தையல் மிஷின்மேல் அரைகுறையாக வெட்டிய துணி தூசி படிந்து கிடந்தது. கட்டிலுக்குக் கீழே ஒரு பாட்டிலில் சாறு புளித்து நுரைத்து, பாட்டிலின் வாயில் ஈ மொய்த்தது. அம்மா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். அந்த அறையின் நாற்றம் எனக்குப் பழக்கமான நாற்றம். ஆனியில் என் அறையில் இருந்தது.

கட்டில் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து சொன்னேன். "நான் மாத்திரைய ஒரு நாளும் நிறுத்தலம்மா. இன்னிக்குக் காலையிலகூட போட்டுக்கினுதான் வந்தேன்."

திரும்பினார்.  "அப்ப எதுக்குபா அப்டி சொன்ன?"

  "கை தட்டுவாங்கன்னு" என்றேன்.

அவர் திரும்பவும் சுவர்ப் பக்கம் புரண்டுகொண்டார். மகள் என்னை அடித்திருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். அவள் பாட்டிலை எடுத்துக்கொண்டு போய் வெளியே கொட்டினாள், கை கழுவிவிட்டு வந்து, எந்த டாக்டரிடம் போகிறீர்கள் என்று கேட்டாள்.

அன்றே ஆட்டோ வைத்து மூவரும் போனோம். நடந்ததை நான்தான் டாக்டரிடம் சொல்ல வேண்டியிருந்தது. அவர் திட்டவில்லை. பழைய மாத்திரையைக் குறைந்த அளவிலிருந்து மறுபடி ஆரம்பித்தார். அந்த அம்மாவைத் தனியாக விட வேண்டாம் என்று மகளிடம் சொன்னார். "பூசணிச் சாறு பிடிச்சிருந்தா குடிங்க, அதுல ஒண்ணும் தப்பில்ல. ஆனா சோறும் சாப்பிடணும், மாத்திரையும் போடணும்" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, நடக்கிறீர்களா என்று கேட்டார். நடக்கிறேன் என்றேன். 

அந்த வாரமே ஜிப்பாக்காரரைப் பார்த்து வீடியோவை நீக்கச் சொன்னேன். வாலாஜாபாத் அம்மாவைப் பற்றியும் சொன்னேன். அந்த அம்மாவுக்கு நம்பிக்கை பத்தவில்லை என்றார். பேசிக்கொண்டே ஒரு தட்டு மிக்சரைக் கொறித்துக்கொண்டிருந்தார். உதட்டோரம் எண்ணெய் மின்னியது. அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். மாத்திரையை நிறுத்தச் சொல்வது உயிரோடு விளையாடுவது என்றேன். நான் சொல்லவில்லையே, மேடையில் நீங்கள்தானே சொன்னீர்கள் என்றார். அவர் சொன்னதில் அந்தப் பின்பாதி மட்டும் பொய்யில்லை.

வீட்டுக்கு வந்து என் போனில் நானே பேசி வீடியோ எடுத்தேன். மேடையில் சொன்னது பொய், நான் சாப்பிடுவது இந்த மாத்திரை, சாப்பாடும் நடையும் உதவின, ஆனால் மாத்திரையோடு சேர்ந்துதான் உதவின, டாக்டரைக் கேட்காமல் யாரும் நிறுத்தாதீர்கள் என்று சொல்லி அந்தக் குழுவில் போட்டேன். சில நிமிஷத்தில் என்னைக் குழுவிலிருந்து நீக்கிவிட்டார்கள். அதற்குள் ஏழு பேர் பார்த்திருந்தார்கள். அந்த ஏழு பேரில் ஒருவர் மட்டும் கூப்பிட்டு மாத்திரைக் கம்பெனியிடம் நான் காசு வாங்கிவிட்டேனா என்று கேட்டார்.

போன மாதம் டாக்டரிடம் போனபோது, வாலாஜாபாத் அம்மா வரிசையில் முன்னால் உட்கார்ந்திருந்தார். எண்ணெய் தேய்த்து இறுக்கிப் பின்னிய தலை, கஞ்சி போட்ட காட்டன் புடவை. மகள் என்னிடம் வந்து, அம்மா மறுபடி பிளவுஸ் தைக்கிறார், காலையில் பாலாற்றுப் பாலம் வரை நடக்கிறார் என்றாள். அம்மா என்னைப் பார்த்தார். பிறகு பையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். நான் கிட்டே போகவில்லை.

டாக்டர் எனக்கு மாத்திரையைப் பாதியாகக் குறைத்தார். வெளியே வரும்போது மணி ஒன்பதரை. காலைச் சாப்பாட்டு நேரம் தாண்டியிருந்தது. எதிரே இருந்த ஹோட்டலில் பொங்கல் வாங்கினேன். டால்டா வாடை அடித்தது, மேஜையில் ஈரத்துணி நாற்றம். சாப்பிடவே பிடிக்கவில்லை. ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டு முடித்து, தண்ணீர் குடித்துவிட்டு வீட்டுக்கு நடந்தேன்.