ஒயருக்கு மூளை கிடையாது

எண்பதுகளின் தொடக்கத்தில் எங்கள் மாமா, அம்மாவின் தம்பி, மலேசியாவின் ஈப்போ டவுனில் ஆறு மாதம் கம்ப்யூட்டர் படித்தார். ஆனால் கம்ப்யூட்டரைத் தொட்டது மொத்தமே நான்கு முறைதான். இருபது பேருக்கு ஒன்றே ஒன்று இருந்ததாம். மிச்ச நாளெல்லாம் வாத்தியார் கரும்பலகையில் பெட்டி பெட்டியாக வரைந்து நடுவில் கோடு இழுத்தாராம். அந்தக் கோடுகளை நம்பித்தான் மாமா, செமோர் பக்கத்திலிருந்த எங்கள் ரப்பர் தோட்டத்திலிருந்து தினமும் பஸ் ஏறினார்.

அப்பாவுக்கு இதில் துளியும் நம்பிக்கை இல்லை. அவர் தோட்டத்து மண்டோர், ஆட்களை வேலை வாங்கும் கங்காணி. ஆள் கணக்கெடுக்கும் காலைப் பெரட்டில் நூற்றுச் சொச்சம் பேரின் பெயரைத் தாளைப் பார்க்காமல் கூப்பிடுவார். அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட மட்டும் ஆள் கிடையாது. ஊருக்கெல்லாம் மண்டோர், அம்மாவுக்கு 'இந்தாங்க'. ஞாயிற்றுக்கிழமைக்குள் படித்ததைச் செய்து காட்டாவிட்டால் திங்கட்கிழமை ரப்பர் ஆலையில் வேலை என்று மாமாவுக்குக் கெடு வைத்துவிட்டார். ஆலை நாற்றம் பட்டாலே மாமாவுக்கு வாந்தி வரும்.

ஞாயிறு காலை மாமா எங்களையே கம்ப்யூட்டராக்கினார். கூடத்தில் உட்கார்ந்து யோசிக்கும் பெட்டி அவர். தோட்டத்து லய வீடுகளில் யாருக்கு எப்போது பிள்ளை பிறந்தது என்பதுவரை மறக்காத அம்மா, மெமரி. குழம்பு கொதித்துக்கொண்டிருந்ததால் மெமரியின் இடம் அடுப்படி. பென்சிலோடு என் தம்பி, பிரிண்டர். கூடத்துக்கும் அடுப்படிக்கும் ஓடுகிற ஒயர் நான்.

"ஒயருக்கு மூளை கெடையாதுலா. கேட்டத கேட்டபடி கொண்டு வரணும். சொந்தமா ஒரு வார்த்தை சேத்தே, எல்லாம் கெட்டுரும்," என்றார் மாமா.

எனக்கு எட்டு வயது. மூளை இல்லாமல் இருப்பது இவ்வளவு பெருமை என்று அதுவரை தெரியாது.

அப்பா முதலில் பக்கத்து வீட்டுப் பையன் பிறந்த தேதியைக் கேட்டார். ஓடினேன். அம்மா தேதியோடு கிழமையும் மழை பெய்ததையும் சொன்னார். தம்பி மழையையும் சேர்த்து எழுதினான். மாமா நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார்.

"சரி. இந்த வீட்ல வயசுல மூத்த ஆளு யாரு? பேரு வரட்டும்," என்றார் அப்பா.

அம்மா கரண்டியால் கூடத்தைக் காட்டினார். கரண்டி காட்டியதை ஒயர் எப்படிக் கொண்டுபோகும்? நான் நகராததைப் பார்த்து, "அவங்கதான்," என்றார். தம்பி 'அவங்கதான்' என்று எழுதினான். மாமா தலையில் அடித்துக்கொண்டு மறுபடி துரத்தினார். "ஒங்கப்பாதான்டி," என்றார் அம்மா. தம்பி அதையும் எழுதினான். எனக்கு மூச்சு வாங்கியது. அப்பாவின் பெயர் எனக்குத் தெரியும், என் பள்ளி நோட்டிலேயே இருந்தது. ஆனால் ஒயர் சொந்தமாகச் சொல்லக் கூடாதே.

"முடிஞ்சிச்சு மச்சான். நாளைக்கு ஆலைக்குப் போலாம்," என்று அப்பா எழுந்தார். மாமாவின் முகம் செத்துவிட்டது.

அது அடுப்படிவரை கேட்டிருக்க வேண்டும். அடுத்த நடை போன என்னை அம்மா பிடித்து இழுத்தார். கதவை ஒருக்களித்தார். முந்தானையால் வாயை மறைத்துக்கொண்டு என் காதில் அந்தப் பெயரைச் சொன்னார். இனிஷியலோடு சொன்னார். நான் ஓடிவந்து, பெரட்டில் அப்பா கூப்பிடுகிற அதே ராகத்தில் உரக்கக் கத்தினேன்.

அப்பா மெதுவாக மறுபடி உட்கார்ந்தார்.

"யாரு சொன்னா?"

"மெமரி," என்றேன், ஒயர் என்ற முறையில்.

அப்பா தம்பி எழுதிய தாளை வாங்கி அந்தப் பெயரைப் படித்தார். பிறகு, "படிக்கட்டும்," என்றார்.

அன்று மத்தியானம் அம்மா கூடத்துப் பக்கமே வரவில்லை. சாப்பிட்ட தட்டை ஒருநாளும் எடுக்காத அப்பா, அன்று தானே எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனார். ஒரு தட்டை வைத்துவிட்டு வர அவ்வளவு நேரமா என்று எனக்கு விளங்கவில்லை. அத்தனை நடை ஓடிய என்னை ஒருவரும் பாராட்டவில்லையே என்று, அன்று முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன்.