ந.க. எண் போட்ட நகைச்சுவை

போன புதன்கிழமை பிற்பகல் இரண்டு மணி பதினேழு நிமிடத்துக்கு என் மகளிடமிருந்து போன் வந்தது. நேரம் இவ்வளவு துல்லியமாகத் தெரிவதற்குக் காரணம், அதன்பிறகு நாலு மணி நேரம் அந்த அழைப்பையே திறந்து திறந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அம்மா, கரஸ்பாண்டண்ட் கூப்ட்டு அனுப்பிக்கிறாரு. நான் எழுதுனது அவரு டேபிள் மேல இருக்குதாம்."

"என்னாடி எழுதுன?"

"ஸ்கூல பத்திம்மா. சும்மா காமெடியா..."

அதோடு சரி. பிறகு போன் அணைந்துவிட்டது. அவளோடு வேலை பார்க்கும் ஸ்டெல்லா டீச்சரைப் பிடித்துக் கேட்டேன். திண்டிவனத்துத் தனியார் பள்ளி அது. அங்கே நடக்கும் பெற்றோர் கூட்டத்தைக் கிண்டல் செய்து என் மகள் ஓர் இணைய நகைச்சுவை இதழுக்கு எழுதியிருக்கிறாள். தமிழில் தட்டச்ச வசதி என்று பள்ளிக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து எழுதி, அதில் எப்போதும் திறந்தே கிடக்கும் பள்ளியின் மின்னஞ்சலிலிருந்தே அனுப்பியும் விட்டாள். பதில், அவள் எழுதியதையும் கீழே சுமந்துகொண்டு, பள்ளிக்கே வந்தது. வருகிற மெயில் எதுவானாலும் பிரிண்ட் எடுத்து கரஸ்பாண்டண்ட் மேசையில் வைப்பது அங்கே வழக்கம்.

"உள்ள போனவ இன்னும் வெளிய வரல ஆன்ட்டி. கதவு சாத்தியிருக்குது."

பி.எட். முடித்து ஒன்றரை வருஷம் விழுப்புரத்தில் வீட்டோடு கிடந்து, நாலு மாதத்துக்கு முன்புதான் இந்த வேலை கிடைத்தது. முதல் வேலை. அதற்குள் இப்படி. எனக்குக் கைகால் ஓடவில்லை. கையாவது ஓடட்டுமே என்று மல்லாட்டை, அதுதான் வேர்க்கடலை, வறுக்க ஆரம்பித்தேன்.

வறுபடும் மல்லாட்டை வாசனை வந்தால் எனக்கு அந்தக் காலத்து பாசஞ்சர் ரயில் நினைவுக்கு வந்துவிடும். திண்டிவனத்தில் ஓர் அரசு அலுவலகத்தில் இளநிலை உதவியாளராகச் சேர்ந்த புதிதில், தினமும் விழுப்புரத்திலிருந்து அந்த ரயிலில்தான் போவேன். மடியில் மல்லாட்டைப் பொட்டலம், அதன்மேல் அட்டை, அட்டைமேல் வெள்ளைத்தாள். விக்கிரவாண்டிக்குள் கட்டுரைக்குத் தலைப்பு வந்துவிடும். மயிலத்தில் முடிவு வர வேண்டும். வராத நாட்களில் வழவழவென்று இழுத்திருப்பேன். பத்திரிகை ஆசிரியர் குழுவுக்கு அது மட்டும் எப்படியோ தெரிந்துவிடும்.

சென்னையிலிருந்து வந்துகொண்டிருந்த ஒரு நகைச்சுவை வார இதழுக்கு அனுப்புவேன். தாளின் ஒரு பக்கம் மட்டுமே எழுத வேண்டும். தபால்தலை ஒட்டி சுயவிலாசம் எழுதிய உறை ஒன்றையும் உள்ளே வைக்க வேண்டும். 'தேனீ' என்று புனைபெயர். கொட்டுகிறோம் என்ற நினைப்பு. ஆனால் கட்டுரைகள் திரும்பிப் பறந்து வருவதில்தான் எனக்கும் தேனீக்கும் ஒற்றுமை இருந்தது. தடித்த உறை என்றால் திரும்பி வந்திருக்கிறது என்பது தபால்காரருக்கே தெரியும். "ஏம்மா, உங்க பொண்ணு அனுப்புனது வந்துட்டுச்சி!" என்று தெருமுனையிலிருந்தே என் அம்மாவுக்கு அறிவிப்பார். எதிர்வீட்டில் துணி உலர்த்துபவர்களும் அனுதாபப்படுவார்கள்.

இந்த அவமானத்துக்குப் பயந்து ஒருமுறை சுயவிலாசத்தில் என் பெயர் போடாமல் அலுவலக முகவரியை மட்டும் எழுதிவிட்டேன். உலகத்தில் வேறு எந்த எழுத்தாளரும் இந்தப் புத்திசாலித்தனத்தைச் செய்திருக்க மாட்டார்கள். ஏனென்றால் அது எங்கள் அலுவலக ஜீப்பைப் பற்றிய கட்டுரை. தினமும் காலையில் நாங்கள் எல்லோரும் சேர்ந்து தள்ளினால்தான் அது கிளம்பும். ஜீப்பு தள்ளுவோருக்கென்று ஒரு சங்கம் இருந்தால் என்னென்ன கோரிக்கை வைக்கும் என்று பட்டியல் போட்டிருந்தேன். தள்ளும்போது உள்ளே இருக்கும் அதிகாரி மூச்சையாவது அடக்கிக்கொள்ள வேண்டும் என்பது அதில் மூன்றாவது கோரிக்கை.

கட்டுரை திரும்பி வந்தது. தபால் பிரிவு ஆரோக்கியசாமி அண்ணன் உறையைப் பிரித்தார், முத்திரை குத்தினார், பதிவேட்டில் 'பொருள்: ஜீப்பு பற்றிய மனு' என்று ஏற்றி ந.க. எண் என்கிற கோப்பு எண்ணும் போட்டுவிட்டார். எண் விழுந்த காகிதத்தைக் கிழிக்க முடியாது. அதன்மேல் யாராவது நடவடிக்கை எடுத்தே ஆக வேண்டும். வாகனப் பிரிவு என்னுடையது என்பதால் நேராக என் மேசைக்கே வந்தது.

"இன்னாம்மா இப்பிடி வேர்க்குது உனக்கு? ஜல்தியா குறிப்பு எழுதி வையி, அய்யா கேட்டுக்கினு இருக்காரு" என்றார் அண்ணன்.

என் கட்டுரைக்கு நானே குறிப்பு எழுதினேன். 'பார்வையில் காணும் மனுவில், மனுதாரர் ஜீப்பின் நிலை குறித்து நையாண்டியாகத் தெரிவித்துள்ளார் என்பதைப் பணிவுடன் சமர்ப்பிக்கலாகிறது.' தகுதிகாண் பருவம் முடிய இன்னும் எட்டு மாதம் பாக்கி. கோப்பு அதிகாரியின் பச்சை மையில் 'பேசுக' என்ற ஒற்றைச் சொல்லோடு திரும்பியது.

உள்ளே போனேன்.

"யாரும்மா இந்தத் தேனீ?"

"தெரியலைங்க சார்."

"தெரியாதா? வெளியாளுக்கு நான் வண்டியில மூச்சி வுடறது வரைக்கும் எப்பிடித் தெரியும்?" கண்ணாடிக்கு மேலாக ஒரு பார்வை பார்த்தார். "பேட்டரி கேட்டு மூணு தபா மேலிடத்துக்கு எழுதிட்டேன், ஒருத்தன் திரும்பிப் பாக்கல. இத இணைப்பா வெச்சி அனுப்பு. பொதுமக்களே கேக்கறாங்கன்னு எழுது."

பேட்டரி வந்தது. என் எழுத்தால் நாட்டில் நடந்த ஒரே மாற்றம் அது.

இதெல்லாம் நினைத்துச் சிரித்தேன் என்றுதான் சொல்ல வேண்டும். ஆனாலும் கரண்டியை வைத்துவிட்டு மறுபடி போனைத் திறந்து பார்த்தேன். அரசு அலுவலகத்தில் ஒருவரை வீட்டுக்கு அனுப்ப எத்தனையோ கடிதம் போக வேண்டும், வர வேண்டும். தனியார் பள்ளியில் 'நாளையிலிருந்து வராதே' என்றால் போதும். மல்லாட்டையில் பாதி கருகியிருந்தது.

அந்த வார இதழ் நின்று வெகுநாள் ஆகிறது. 'பிரசுரிக்க இயலாமைக்கு வருந்துகிறோம்' என்று அச்சடித்த அந்தச் சின்னத் துண்டுச்சீட்டும் அதோடு போயிற்று. எனக்கு அதில் பதினொன்று வந்தது, ஒன்றைக்கூட வைத்துக்கொள்ளவில்லை. நகல் எடுக்காத என் ஜீப்புக் கட்டுரை ஏதோ ஒரு மேலிடத்துப் பதிவறையில் மக்கியிருக்கும். மடியில் அட்டை வைத்து எழுதிக்கொண்டு வரும் யாரையும் இப்போது எப்போதாவது அந்த ரயிலில் போகும்போது நான் பார்ப்பதில்லை.

ஆறரை மணிக்குக் கேட் சத்தம். மகள் செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே உட்கார்ந்தாள்.

"வேலை?" என்றேன்.

"வேலைக்கின்னா? அவரு அது பக்கத்து ஸ்கூல பத்தின்னு நெனச்சிக்கினாரும்மா. சிரிச்சி சிரிச்சி எனக்கே படிச்சிக் காட்னாரு. ஸ்டாஃப் ரூம்ல ஆளுக்கொரு ஜெராக்ஸ்."

நானும் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் முகம் மட்டும் தெளியவில்லை. பையிலிருந்து ஒரு மடித்த தாளை எடுத்து என்னிடம் நீட்டினாள்.

"அத்த வுடும்மா. அந்தப் பத்திரிகையில போடமாட்டாங்களாம். நீ படிச்சிட்டு எங்க சொதப்பியிருக்கேன்னு சொல்லு."