மூன்றாம் முறை அவர் கூப்பிடவில்லை

இது கதையல்ல. கதை என்றால் இதைவிட நல்ல முடிவாக வைத்திருப்பேன்.

நான் அளவெடுக்கிற வேலை செய்கிறவள். பழைய கட்டடங்களைத் திருத்துவதற்கு முன்னால் சுவர், உத்தரம், ஜன்னல், படி என்று ஒன்று விடாமல் அளந்து வரைபடம் கீறிக் கொடுக்க வேண்டும். ஐந்து மில்லிமீட்டர் பிசகினாலும் எனக்கு அன்று நித்திரை வராது. ஒவ்வோர் அளவுக்குப் பக்கத்திலும் நேரத்தைக் குறித்து வைப்பது என் பழக்கம். கீழே வரும் எண்கள் எல்லாம் என் குறிப்புக் கொப்பியில் இருப்பவை. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று சொல்ல வருகிறவர்கள் இந்த இடத்திலேயே நிறுத்திக்கொள்ளலாம். எனக்குக் கோபமில்லை. சரி, கொஞ்சம் இருக்கிறது.

என் கணவர் டனிஸ்ரன் என்னைக் கூப்பிட்டார். நான் பதில் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் இன்றைக்கு அவர் உயிரோடு இருந்திருப்பாரா? இந்தக் கேள்வியோடுதான் நான் நாலு மாதம் படுத்தெழும்பினேன்.

2023 டிசம்பர் 14, வியாழக்கிழமை. கனடாவில், மொன்றியல் நகரின் பழைய பகுதியில், துறைமுகத்துக்குப் பின்னால் இருக்கும் ஒடுங்கிய தெரு ஒன்றில் ஒரு சாம்பல்நிறக் கல்வீடு. பீவர் என்ற நீர்விலங்கின் தோலை வாங்கி விற்ற பிரெஞ்சு வியாபாரி ஒருவன் இருநூற்றெழுபது வருடங்களுக்கு முன் கட்டியது. அந்தக் காலத்து வியாபாரிக்கு எல்லாமே ஒரே கூரையின் கீழ் வேண்டும். நிலத்துக்கு அடியில், சரக்கு வைக்க வளைவுக் கூரை போட்ட கல் நிலவறை. தெருமட்டத்தில் கடை. அதற்கு மேல் குடும்பம் இருக்கும் அறைகள். உச்சியில், செங்குத்துக் கூரைக்குக் கீழே, தோல்கட்டுகளை அடுக்கும் பரண்மாடி. ஊர் அடிக்கடி எரிந்ததால், பக்கத்து வீட்டு நெருப்பு தாவாமல் இருக்க இரண்டு பக்கச் சுவர்களையும் கூரைக்கு மேலே உயர்த்திக் கட்டியிருந்தார்கள். புகைபோக்கிகள் அந்தச் சுவர்களுக்குள்ளேயே ஏறிப் போகும். சுவரின் தடிப்பு எழுபத்தாறு சென்ரிமீட்டர். உள்ளே நின்று கத்தினாலும் தெருவில் கேட்காது.

"இதைக் கட்டினவன் சரியான பயந்தாங்கொள்ளி. குளிருக்குப் பயம், நெருப்புக்குப் பயம், கள்ளனுக்குப் பயம்," என்று டனிஸ்ரன் சிரிப்பார். அவர் மேசன். கல் இடுக்குகளில் இற்றுப்போன பழைய சாந்தைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதுச் சுண்ணாம்புச் சாந்து பூசுவது அவருடைய வேலை. இருவருக்கும் ஒரே வீட்டில் வேலை கிடைத்தது அதுதான் முதல் தடவை. மத்தியானம் கடைப் பகுதியில் உட்கார்ந்து ஒரே பெட்டியில் புட்டும் மீன்குழம்பும் சாப்பிடுவோம். புதிதாகக் கலியாணம் கட்டினவர்கள் மாதிரி இருந்தது. பதினொரு வருடத்துக்குப் பிறகு.

மூன்றரைக்கு மற்ற வேலையாட்கள் போய்விட்டார்கள். எங்கள் மகள் ஷெரோனுக்கு ஒன்பது வயது. அவளைக் கூட்டிக்கொண்டு ஜான்-டலோன் சந்தைக்குப் போய் கிறிஸ்மஸுக்கு நத்தார் மரம் வாங்குவதாக அன்று வாக்குக் கொடுத்திருந்தோம்.

"நாலரைக்கு வெளிக்கிடவேணும், சரியோ?" என்றேன்.

"ஓமோம். நான் கூப்பிடுறன், நீர் இறங்கி வாரும்."

"ஃபோன் எடுங்கோவன்."

"நிலவறைக்குள்ளை ஃபோன் எங்கை வேலை செய்யுது? வழக்கம்போல மூண்டு தரம் கூப்பிடுறன், மகாராணி."

அந்த 'மூண்டு தரம்' எங்கள் வீட்டுப் பகிடி. நான் யாழ்ப்பாணத்துச் சைவம், அவர் மன்னார் வேதக்காரர், கிறிஸ்தவர். விளக்கு வைக்கிற நேரத்தில் யாராவது பெயர் சொல்லிக் கூப்பிட்டால் உடனே பதில் சொல்லக்கூடாது என்று அம்மா எனக்குப் பழக்கியிருந்தார். மனிதர் என்றால் மூன்றாம் தரமும் கூப்பிடுவார். மற்றது இரண்டோடு நின்றுவிடும். அதற்கு நீ பதில் சொன்னால் உன்னையும் கூட்டிக்கொண்டு போகும்.

கலியாணம் கட்டின புதிதில் இதைக் கேட்டு டனிஸ்ரன் விழுந்து விழுந்து சிரித்தார். ஆனால் அதற்குப் பிறகு ஒரு நாளும், பொழுதுபட்டால், அவர் என்னை மூன்று தரத்துக்குக் குறைத்துக் கூப்பிட்டதில்லை. "சாம்பவி, சாம்பவி, சாம்பவி, இது பேயில்லை, உம்முடைய புருசன்" என்றுதான் வேலையால் வந்து கதவைத் திறப்பார். என் பயத்துக்கு அப்படி இடம் கொடுத்த மனிதர் அவர்.

நான் பரண்மாடிக்கு ஏறினேன். கீழே அவர் சுரண்டுவது படிக்கட்டு வழியாகக் கேட்டது. கர்ர்… கர்ர்… அந்தச் சத்தம் இருந்தால் எனக்கு வேலை ஓடும். பிறகு அது நின்றுவிட்டது. எத்தனை மணிக்கு என்று கேட்காதீர்கள். எல்லாவற்றுக்கும் நேரம் குறிக்கிறவள், அதற்கு மட்டும் குறிக்கவில்லை.

மாலை 4.11. வெளிச்சம் போய்விட்டது. மொன்றியலில் டிசம்பரில் விளக்கு வைக்கிற நேரம் அவ்வளவு சீக்கிரமாக வந்துவிடும். ஒரு வேலை விளக்கைப் போட்டேன். உத்தரங்களின் நிழல் கூரை முழுவதும் விழுந்தது.

4.22. புகைபோக்கிச் சுவரில் முதுகை வைத்து, எதிரே படிக்கதவுக்குப் பக்கத்தில் இருக்கும் சுவருக்கு லேசர் பிடித்தேன். இது ஒரு சின்னக் கருவி. சிவப்புப் புள்ளி எங்கே படுகிறதோ அங்கே வரைக்குமான தூரத்தைக் காட்டும்.

7.842 மீட்டர்.

எதையும் இரண்டு தரம் அளப்பேன். மறுபடி அழுத்தினேன்.

6.905.

இடையில் எதுவும் இல்லை. வெறும் பலகைத் தரை.

குளிருக்கு பற்றரி இறங்கியிருக்கும் என்று நினைத்தேன். கருவியைக் கைக்குள் வைத்துச் சூடாக்கினேன். கண்ணாடியைத் துடைத்தேன்.

4.25. 5.310.

சுவரில் சிவப்புப் புள்ளியைத் தேடினேன். காணவில்லை. சுவரில் இல்லை, தரையில் இல்லை, உத்தரத்தில் இல்லை. ஆனால் கருவி எண் காட்டுகிறது. எதன்மேலோ படுகிறது…

4.27. 3.788.

ஈரச் சுண்ணாம்பு மணத்தது. அந்த மாடியில் இன்னும் பூச்சு வேலை தொடங்கவே இல்லை. டனிஸ்ரன் வேலையால் வந்து சட்டையைக் கழற்றும்போது வருகிற அதே மணம்.

"இஞ்சாருங்கோ… நீங்களோ?"



4.29. 2.046.

இறங்கி ஓடலாம் என்றால் படிக்கதவு அந்தப் பக்கம். அதைத் தாண்டித்தான் போக வேண்டும்.

4.30. 0.914.

கருவியைக் கீழே போட்டுவிட்டேன்.

கண்ணை இறுக மூடினேன். பழக்கதோஷம், நேரம் பார்க்க மட்டும் கை மணிக்கூட்டில் அரைக்கண் திறந்தேன்.

4.31.

"சாம்பவி…"

அவருடைய குரல். மெதுவாக. கிட்டத்தில்.

வாய் வரைக்கும் 'ஓம்' வந்தது. விழுங்கினேன்.

எனக்குப் பின்னால், புகைபோக்கிச் சுவரில், பழைய காலத்து அடுப்புக் குழாய் செருகிய ஓட்டை ஒன்று இருந்தது. நிலவறையிலிருந்து அந்த வழியால் குரல் வருகிறது… அவர் கீழே நின்று கூப்பிடுகிறார்… நாலரை ஆகிவிட்டதல்லவா… அப்படித்தான் எனக்கு நானே சொன்னேன்.

இன்னும் இரண்டு தரம் கூப்பிடட்டும்.

4.33.

"சாம்பவி…"

இந்த முறை குரல் உடைந்திருந்தது. அழப்போகிறவர் மாதிரி.

இன்னும் ஒன்று. ஒன்றே ஒன்று. கூப்பிடுங்கோ… கூப்பிடுங்கோவன்…

முருகா… முருகா…

வரவில்லை.

மூன்றாம் தரம் வரவேயில்லை.

4.51 வரைக்கும் அப்படியே நின்றேன். பதினெட்டு நிமிடம். பிறகு கண்ணை முழுதாகத் திறந்தேன். ஒன்றும் இல்லை. விழுந்தடித்து இறங்கினேன்.

நிலவறையில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. வாளியில் குழைத்த சாந்து மேலே காய்ந்து வெடித்திருந்தது. அவர் சுவரோரமாகச் சரிந்து கிடந்தார். கன்னத்தில் சுண்ணாம்பு. கண் பாதி திறந்திருந்தது.

நான் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். பதினொரு வருடத்தில் நான் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே கிடையாது. மூன்று தரமல்ல, முப்பது தரம் கூப்பிட்டேன். அந்தத் தடித்த சுவர்கள் எல்லாவற்றையும் எனக்கே திருப்பித் தந்தன.

மாரடைப்பு என்றார்கள். எத்தனை மணிக்கு என்று கேட்டேன். நாலு மணியாக இருக்கலாம், நாலரையாகவும் இருக்கலாம், சரியாகச் சொல்ல முடியாது என்றார் வைத்தியர். அவருக்கு அது அரை மணி வித்தியாசம். எனக்கு அது, நான் அவரைச் சாகவிட்டேனா இல்லையா என்பது.

செத்தவீட்டில் அவருடைய அக்கா மாக்கிரட் என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார். "கடைசியா என்னடி கதைச்சவன்?"

"என்னைக் கூப்பிட்டவர், மச்சாள்."

"நீ என்ன சொன்னனி?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவரும் அதற்கு மேல் கேட்கவில்லை. கேட்டு அடித்திருந்தால்கூட ஆறுதலாக இருந்திருக்கும்.

அவருக்கு மூச்சு முட்டியிருக்கும். இரண்டு தரத்துக்குத்தான் மூச்சு இருந்திருக்கும். அந்த நிலையிலும் மூன்று தரம் கூப்பிட்டால்தான் இவள் வருவாள் என்று நினைத்திருப்பாரோ? நெஞ்சைப் பிடித்துக்கொண்டு எண்ணியிருப்பாரோ? சாப்பிட உட்கார்ந்தால் இதுதான் நினைவு வரும். சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளிவிட்டு எழும்பிவிடுவேன். அம்மாவோடு கனகாலம் கதைக்கவில்லை. அம்மாவில் என்ன பிழை, கேட்டு நடந்தவள் நான்தானே.

பெப்ரவரியில் வேலை மேற்பார்வையாளர் மிசேல் தொலைபேசி எடுத்தார். பாதியில் நிற்கும் வரைபடத்தை வேறு ஒருவரிடம் கொடுக்கலாமா என்று கேட்டார். சரி என்றேன். பிறகு மனம் கேளாமல், நிலவறையில் கதைத்தால் புகைபோக்கி வழியாகப் பரண்மாடிக்குக் கேட்குமா என்று கேட்டேன்.

"கேட்காது, மதாம். அந்த வீட்டுப் புகைபோக்கி எல்லாவற்றுக்கும் முப்பது வருடங்களுக்கு முன்பே கொங்கிறீற் ஊற்றி அடைத்துவிட்டார்கள். இப்போது அதற்குள் காற்றுக்கூடப் போகாது."

அப்படியென்றால் எனக்குக் கேட்டது எந்த வழியால்?

ஏப்ரலில் தெரிந்தது.

ஆஸ்பத்திரியில் தந்த, அவருடைய பொருட்கள் இருந்த பையை நான் திறக்காமல் அலுமாரிக்குள் வைத்திருந்தேன். ஷெரோன் அதைத் திறந்து, அப்பாவின் கை மணிக்கூட்டை எடுத்து மின்சாரம் ஏற்றியிருக்கிறாள். நடையை எண்ணுகிற, நெஞ்சுத் துடிப்பைப் பதிகிற மணிக்கூடு. யார் கூடுதலாக நடந்தது என்று தகப்பனும் மகளும் தினமும் போட்டி போடுவார்கள். அன்றைய போட்டியில் யார் வென்றது என்று பார்க்கத்தான் எடுத்திருக்கிறாள், என் பிள்ளை.

"அம்மா," என்று வந்தாள். முகம் குழம்பியிருந்தது. "இது பிழையாக் காட்டுது."

வாங்கிப் பார்த்தேன்.

நெஞ்சுத் துடிப்பு 3.52 வரைக்கும் இருந்தது. பிறகு கோடு இல்லை.

3.52.

எனக்குக் குரல் கேட்பதற்கு முப்பத்தொன்பது நிமிடங்களுக்கு முன்பு.

நான் அவரைச் சாகவிடவில்லை. அந்த ஒரு கணம் எனக்கு அப்படியே தரையில் விழுந்து அழ வேண்டும்போல இருந்தது.

"அதில்லை அம்மா," என்றாள் ஷெரோன். "கீழை பாருங்கோ. நடை."

கீழே பார்த்தேன்.

மாலை 4.19 முதல் 4.30 வரை. எண்பத்து மூன்று அடிகள்.

அடுத்த நாள் மிசேலிடம் கதவுத் திறப்பை வாங்கிக்கொண்டு அந்த வீட்டுக்குப் போனேன். நிலவறையில் அவர் கிடந்த இடத்திலிருந்து எண்ணிக்கொண்டே நடந்தேன். கல் படிகள். கடை. மரப் படிகள். அறைகள். இன்னும் படிகள். பரண்மாடிக் கதவு. தரைப் பலகைகள்.

எண்பத்து மூன்றாவது அடியில் புகைபோக்கிச் சுவருக்கு முன்னால் வந்து நின்றேன். அன்றைக்கு நான் கண்ணை மூடிக்கொண்டு நின்ற இடம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது.

திரும்பி இறங்கிப் போனதற்கு அந்த மணிக்கூட்டில் ஓர் அடிகூடப் பதிவாகவில்லை.